தேங்காய்த் தட்டு

காஞ்சிபுரத்தில் எங்கள் ஆலயத்தில் மணி அடித்தவர் நெட்டையானவர்; சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். அவர் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து மனைவி ஓரிக்கையில் தாய்வீட்டிலேயே இருந்தார். மணிக்காரர் ஞாயிறுதோறும் பெண்கள் பக்கம் ஒரு பாய் கூடுதலாக விரிப்பார்.

"யாருக்குண்ணே, கலெக்டர் வூட்டம்மாவுக்கா?" என்று சிலர் கேலி செய்வார்கள்.

"எங்க வூட்டுக்காரிக்குப்பா. வந்துடும்."

ஒரு ஞாயிறு அந்த அம்மாள் வந்தேவிட்டார். கோயிலுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கமில்லாததால் தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு வந்தார். ஆராதனை நடத்தும் உபதேசியார் வாசலிலேயே மறித்தார்.

"இதெல்லாம் உள்ள கூடாதும்மா."

அந்த அம்மாள் முகம் சுண்டித் திரும்பிப் போய்விட்டார். மணிக்காரர் கயிற்றை இழுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "மணிய வுட்டுட்டு ஓடிப்போயி தட்ட நா வாங்கிக்கினு இருக்கலாம், இல்லப்பா?"

ஆமென்று சொன்னால் அவர் நொந்துபோவார். இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.