சீலிங்காரன் பெண்டாட்டி

அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அந்தப் பரப்புக்குத் தமிழில் பேருக்கா பஞ்சம்? மோட்டுவளை என்பார்கள், விட்டம் என்பார்கள், மச்சு என்பார்கள், படித்தவர்கள் உட்கூரை என்று எழுதுவார்கள். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஞானகுமாரிக்கு இதில் ஒன்றும் தேவைப்பட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த பெயர் சீலிங். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்த ஒரு சொல்லோடுதான் மாரடித்துக்கொண்டிருக்கிறாள்.

பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளைக்கு அதுதான் அடைமொழி. "பையன் சீலிங் வேல செய்றான், கெட்ட பழக்கம் ஒண்ணு கெடையாது" என்றார் தரகர். சீலிங் என்றால் ஃபேன் மாட்டுகிற இடம் என்று நினைத்திருந்த ஞானகுமாரிக்கு, அதற்கும் கீழே இன்னொரு பொய்ச் சீலிங்கைத் தொங்கவிட ஆட்கள் காசு கொடுப்பார்கள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நன்றாக இருக்கிற தளத்தை மறைத்து ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் பூ வரைந்து, ஓரமெல்லாம் விளக்கு வைப்பார்கள். இருக்கிறவனுக்கு எப்படியெல்லாம் செலவு வருகிறது பாருங்கள்.

அவள் புருஷன் இக்னேஷியஸுக்கு அந்தச் செலவில்தான் சோறு. காலையிலிருந்து சாரத்தில் நின்று, பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் தூக்கியபடி வேலை. சாயங்காலம் தோளும் கழுத்தும் கல்லாக இறுகியிருக்கும். அவனோடு வேலை செய்த எல்லாரிடமும் ஒரு பழக்கம் இருந்தது. காலை டீயோடு ஒரு வலி மாத்திரை. வலி வந்தபிறகு போடுவதில்லை, வராமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கும். சாராயமாக இருந்திருந்தால் ஞானகுமாரி சண்டை போட்டிருப்பாள். மாத்திரைதானே என்று விட்டுவிட்டாள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது, "ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டர், ஒரு சொட்டு தொட்டதில்ல" என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். மாத்திரைக் கதையைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதல்ல. அதற்கு முன்பே ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு மனை வாங்கியிருந்தார்கள். அவனுடைய கூலி, அவளுடைய சீட்டு, அவள் காதில் கிடந்தது எல்லாம் அதில் போயிற்று. பட்டா கேட்கப் போனபோதுதான், "இது சீலிங்ல வந்த நெலம்மா" என்றார்கள். ஒருத்தருக்கு இவ்வளவுதான் நிலம் இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம் வந்து, அதற்கு மேல் இருந்ததை அரசு எடுத்துக்கொண்டதாம். எடுத்த பிறகும் யாரோ மனை போட்டு விற்றிருக்கிறார்கள். "ஊட்டு சீலிங்கே நம்மளால மாட்ட முடியல, நெலத்துக்கு வேறயா?" என்று இக்னேஷியஸ் அன்றைக்குச் சிரித்தான். ஞானகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனையில் இப்போது வேலிகாத்தான் வளர்ந்து நிற்கிறது.

ஆனால் அவளை உண்மையிலேயே ஆட்டிப்படைத்த சீலிங் வேறு. அது கம்பெனியில் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில், செக்கிங் செக்ஷனில் அவளுக்கு வேலை. வந்து விழுகிற வளையங்களைக் கையில் எடுத்து, பிசிறு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டேதான். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டிருந்தது. அந்தச் செக்ஷனில் உட்கார ஒரே ஒரு நாற்காலி உண்டு, அது சூப்பர்வைசருக்கு. சாமி கும்பிடும்போதுகூட அவள் சொர்க்கத்தைக் கேட்டதில்லை, அந்த நாற்காலியைக் கேட்டிருக்கிறாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சம்பளத்தில் தொழிலாளர் காப்பீட்டுக்கென்று பிடித்த இ.எஸ்.ஐ. பணத்தின் புண்ணியத்தில்தான் இக்னேஷியஸுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் நடந்தது. கையை விட்டு ஒரு காசு கிடையாது. ஆனால் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. தாண்டினால் உடனே நிறுத்திவிட மாட்டார்கள், சில மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். அந்த வரம்புக்கும் எஸ்டேட்டில் பெயர் சீலிங்தான். அரசாங்கக் காப்பீட்டு அட்டை வாங்கலாம் என்றால், வருமானத்துக்கு அங்கேயும் ஒரு சீலிங், அதை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

ஆகவே சம்பளம் கூட்டுகிற மாதம் வந்தால் ஆபீஸ் வாசலில் இரண்டு விதமான ஆட்கள் நிற்பார்கள். ஒரு கூட்டம், கூட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சும். இன்னொரு கூட்டம், கூட்டாதீர்கள் என்று கெஞ்சும். வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் இரண்டாவது கூட்டம். மோல்டிங் உலகநாதன், மகளுக்கு இருதய ஆபரேஷன் முடிகிறவரை இரண்டு வருஷம் அதில் நின்றார். சம்பளம் வேண்டாம் என்று வரிசையில் நிற்கிற உலகத்தை யார்தான் படைத்தார்களோ.

இந்த வருஷம் ஞானகுமாரி போவதற்கு முன்னாலேயே ஆள் வந்து கூப்பிட்டது. ஆபீஸில் நிர்மல் இருந்தான், ஆட்களின் சம்பளம் பார்க்கிற இளைஞன். நல்ல பையன், எழுந்து நின்று கை கொடுத்தான்.

"வாழ்த்துகள்மா. அடுத்த மாசத்துலேர்ந்து செக்கிங்குக்கு நீங்கதான் சூப்பர்வைசர்."

அவளுக்கு அந்த நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. கூடவே சம்பளக் கணக்கும் வந்தது.

"சம்பளம் ஏறுமா சார்?"

"ஏறாம? நல்லாவே ஏறும்."

"சீலிங் தாண்டுமா?"

நிர்மல் தலையாட்டினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"சார், வேலய குடுங்க, சம்பளம் வாணாம். இப்ப இன்னா வாங்கறேனோ அதையே போடுங்க சார். எங்கூட்டுக்காரரு கதி தெரியுமே உங்களுக்கு."

"அந்தப் பதவிக்குன்னு ஒரு சம்பளம் இருக்கும்மா. குறைச்சுப் போட்டா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. போன தடவையே உங்களுக்காகப் பேசி சம்பளம் ஏறாம நிறுத்தினேன். இப்ப வேலையும் சம்பளமும் சேர்த்து எடுத்துக்கணும், இல்ல ரெண்டையும் விட்டுடணும்." கொஞ்சம் தயங்கினான். "கூடற சம்பளத்துல வெளிய பார்த்துக்க முடியாதாம்மா?"

கூடுகிற சம்பளம் வெளியே ஒரு வார டயாலிசிஸுக்குக் காணாது. அதை அவனிடம் விளக்கிச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

"வாணாம் சார்" என்றாள். "ஷம்ஷாத்துக்குக் குடுங்க. அதுவும் நல்லா செய்யும்."

ஷம்ஷாத் பூந்தமல்லிக்காரி, பக்கத்து மேஜையில் வேலை செய்பவள், கூட்டாளி. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

"அல்லா, இன்னா ஞானம் இது? உன் இடத்துல நான் எப்டி போய் உக்காருவேன்?"

"உக்காரு, சும்மா. எவளோ உக்கார்றதுக்கு நீ உக்கார்றது மேல்" என்றாள் ஞானகுமாரி. மனசாரத்தான் சொன்னாள். ஆனாலும் ஷம்ஷாத் அந்தப் பக்கம் போனதும் வயிறு எரிந்தது. எரியாமல் இருக்க அவளென்ன புனிதையா?

பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்கு வந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவள் வாய்வரை கொண்டுபோய் எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். புருஷனிடம் எதைச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். உள்ளதைச் சொன்னால், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று படுத்துவிடுவான். ரோஷக்காரன். போன வருஷம் அவள் கொலுசை விற்றதற்கே இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகாமல் கிடந்து அவனுக்கு மூச்சு வாங்க, அவள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள்.

இக்னேஷியஸ் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்றதிலிருந்தே, அவளுக்குத்தான் அந்தப் பதவி என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியும் வைத்திருந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"ஷம்ஷாத்துக்குக் குடுத்துட்டாங்க."

அவன் முகம் முதலில் சுருங்கியது. பிறகு கோபம் வந்தது. பல மாதமாக முனகிக்கொண்டிருந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"நேத்து வந்தவளுக்கா? உனுக்கு இன்னா கொறச்சல்? நீ கம்முனு நின்னுகினு இருந்திருப்ப. வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அடுப்பில் சோற்றைச் சுடவைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உன்னாலதான்யா, உன் ஒருத்தனாலதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் இத்தனை வருஷத்துக் களைப்பும் ஒரே நாளில் இறங்கிவிடும் போலவும் இருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி நாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, உப்பில்லாத குழம்பைத் தட்டில் ஊற்றினாள்.

"துப்பு கெட்டவ. நானா இருந்தா அந்தாளு சட்டையப் புடிச்சிருப்பேன்" என்று அவன் இரைந்தான். குரல் கணீரென்று இருந்தது. திட்டட்டும், இப்படித் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் அழுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். குரல் இறங்கியது.

"ஆபீஸுக்குள்ள போனியா இல்லயா?"

"போனேன்."

"வாயத் தொறந்து கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னாதான் கேட்ட?"

உன்னத்தான் கேட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சோறு ஆறுது" என்றாள். "சாப்புடு."