சேலை கட்டினால் கப்பலில் ஏறக் கூடாதாம்

இன்று சிவகாசியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் கேட்கப் பெரியம்மாவோடு போயிருந்தேன்.

அங்கிருந்த ஆபீஸ்காரர் பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"கப்பல் விருந்துக்கு மாடர்ன் டிரெஸ் போடணும்மா. சேலையோட போனா ஒரு மாதிரியாப் பாப்பாக."

பெரியம்மா கல்யாணமான புதிதில் பினாங்குக்குக் கப்பலில் போனவர். சுவரிலிருந்த விளம்பரப் படத்தைக் காட்டினார்.

"அன்னைக்கு நான் பட்டுச்சேலை, எங்க வீட்டுக்காரக கோட்டு சூட்டுன்னு ஏறினோம். இங்கன அம்புட்டுப் பேரும் அரை டவுசரோட நிக்காக. என் சேலைதான் உமக்குக் கேவலமாப் போச்சா?"

ஆபீஸ்காரர் சிரித்தார். அதில்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. கத்திவிட்டு, அவரிடம் கொடுத்திருந்த பாஸ்போர்ட் நகல்களைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சேலையை மதிக்கிற கப்பல் ஏதாவது ஓடினால் சொல்லுங்கள். பெரியம்மா இப்போதே புதுப்பட்டு எடுக்க ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டார்.