அம்மாவுக்கு வசனம் இல்லை

நேற்று பிராட்வேயில் யாரோ சுக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். தும்மலோடு, சின்ன வயதில் நாங்கள் இருந்த மட்டாஞ்சேரியும் நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே சுக்குக் கிடங்கின் மாடியில் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு நடக்கும். அச்சடித்த ஒரு சினிமாத் திரைக்கதைதான் பாடப் புத்தகம். ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசிக்க வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். வேலை தேடிய அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

வளைகுடா விசாவுக்குக் காத்திருந்த தடியன்கள் வசனங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள்.

"சேச்சிக்கு எதுக்கு காதல் வசனம்?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவனை இன்றைக்குப் பார்த்தாலும் அறைவேன்.

"சேச்சி, பிராக்கெட்டில இருக்கறத வாயிச்சா மதி, அது போதும்," என்றார் வாத்தியார். யார் நுழைகிறார், யார் உட்காருகிறார் என்ற குறிப்புகள் மட்டும் அம்மாவுக்கு. அந்த மழைக்காலம் முழுக்க அதையே வாசித்தாள்.

பிறகு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நேர்காணல்; அங்கேயும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் ஆங்கிலத்தில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார்.

அம்மாவும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "ஒரு பெண் உள்ளே வருகிறாள். புடவை நனைந்திருக்கிறது. வீட்டில் கணவன் நோயில் கிடக்கிறான். அவள் உட்காருகிறாள்."

மேனேஜர் சிரித்தார்.

"அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. காத்திருக்கிறாள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "அந்தப் புஸ்தகத்துல பொம்பளை வந்து உட்கார்ந்தா, அடுத்த வரியில அழுவா. அதை மட்டும் நான் சொல்லலை."