தெய்வானையின் பெட்டி

மலாக்காவின் காஜா பெராங்கில் தெய்வானையைத் தெரியாதவர்கள் இல்லை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னவர்கள்தான் குறைவு. வாய்த்துடுக்கு என்றார்கள், திமிர் என்றார்கள். இரண்டும் உண்மைதான். அது இரண்டும் இல்லாமல் போயிருந்தால் அவளுடைய ஏரோப்பிளேன் தரையைவிட்டு எழும்பியே இருக்காது.

தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் ரேடியோ கடையில் அவள் பதினோரு வருஷம் காயில் சுற்றினாள். தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஒரு சுற்றும் பிசகாமல் சுற்ற வேண்டும். முந்நூற்று இருபது என்றால் முந்நூற்று இருபதுதான். நடுவில் யாராவது வந்து ஊர்க்கதை பேசினால் பதிலும் சொல்வாள், உள்ளே எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும். தவுக்கே எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்து அலுத்துப்போனார்.

வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் பழுதான ரேடியோவோடு ஓர் இங்கிலீஷ் சஞ்சிகையையும் கடையில் விட்டுப்போனான். சின்ன விமானத்தைத் தரையில் நின்றபடியே ரேடியோவால் திருப்புவது எப்படி என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க எழுத்துக்கூட்டி அதைப் படித்து முடித்தாள். படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்ட ஆண்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காயில், வால்வு, கம்பி. நான் தினமும் தொடுகிற சாமான்தானே, இதற்கு எதற்குக் கோட்டு?

இரண்டு வருஷம் பிடித்தது. இறக்கைக்கு மூங்கில் கீற்று, உடம்புக்குக் கட்டைச் செருப்புச் செய்கிறவரிடம் வாங்கிய பூலாய் என்கிற லேசான மரம். என்ஜின் சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்தது. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஈத்தரும் கலந்து எரிபொருள் செய்த நாட்களில் வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறும். புருஷன் மாணிக்கவாசகம் பஸ் கண்டக்டர், சாது. மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் அவருக்கும் சேர்த்துக் கேட்டார்கள். பிள்ளை இல்லாதவள் விளையாட்டுச் சாமான் செய்துகொள்கிறாள் என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். அது அவளுக்கு வலித்தது. வலித்ததை யாருக்கும் காட்டவில்லை.

விமானத்துக்குச் செய்தி அனுப்புகிற பெட்டியில் எட்டடிக் கம்பி ஒன்று நிற்கும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத 1957. கொல்லையில் அந்தக் கம்பியைப் பார்த்த யாரோ, கம்யூனிஸ்டுகளுக்குத் தகவல் போகிறது என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். ஜூலை மாதம் ஜீப் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டார்கள், கூடவே மாணிக்கவாசகத்தையும். பெட்டி வைத்திருப்பது ஆம்பிளையாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

தெய்வானை பின்னாலேயே ஸ்டேஷனுக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. விமானத்தையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, விஷயம் இவ்வளவுதான் என்று விளங்கிக்கொண்டு, காகிதம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். பெட்டி என்னுடையது, உடைத்துப்போடச் சம்மதிக்கிறேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று அதில் இருந்தது.

"மாணிக்கவாசகம், இதில ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டை போம்," என்றார்.

மாணிக்கவாசகம் பேனாவை எடுத்தார். தெய்வானை அதைப் பிடுங்கினாள்.

"அவர் எதுக்குப் போடணும்? பெட்டி என்னுது. ஒரு ஆணிகூட அவர் அடிக்கல."

"தங்கச்சி, உம்முடையது எண்டால் உம்மைத்தான் உள்ளுக்குப் போடவேணும்."

"போடுங்க. ஆனா என் பேருல போடுங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பொம்பிளை செய்த சாமான் பறக்குமா என்று கேட்டார். பறந்தால் பெட்டியைத் திருப்பித் தருவதாகவும் அனுமதிக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னார். பறக்காவிட்டால் அங்கேயே உடைக்கப்படும். இதுவரை அது மூன்று தடவைதான் பறந்திருந்தது, அதில் இரண்டு தடவை மூக்குக் குத்தி விழுந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை கிளேபாங் கடற்கரையில் என்ஜின் சீறியது, விமானம் எழும்பியது. பெட்டியிலிருந்து வந்த வயரின் முனையில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் விமானம் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும். அடுத்த தடவை அமுக்கினால் இடப்பக்கம். மறுபடி வலம், மறுபடி இடம். எத்தனையாவது அமுக்கல் என்பது மறந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். தெய்வானை உதட்டை அசைத்தபடி அமுக்கினாள். மந்திரம் சொல்கிறாள் என்று ஒரு கான்ஸ்டபிள் முணுமுணுத்தான்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. காற்றில் அது தானாகச் சுற்றுகிறது என்றார். பொத்தானைத் தன் கையில் தரச் சொன்னார். கொடுக்காமல் முடியுமா? கொடுத்தாள். அவர் அமுக்கினார், திரும்பியது. பயந்து திரும்ப அமுக்கினார், எதிர்ப்பக்கம் ஓடியது. பிறகு ரேடியோவைத் திருகுகிறவர் மாதிரி அமுக்கித் தள்ளினார். விமானம் தலைதாழ்ந்து நேரே தென்னந்தோப்பைப் பார்த்துப் போனது. வலப்பக்கம் முழுக்க மரம், இடப்பக்கம் வெட்டவெளி. மாணிக்கவாசகம் கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்வானை இன்ஸ்பெக்டர் கையிலிருந்து பொத்தானை எடுத்தாள்.

"நான் பன்னண்டு, நீங்க ஏழு. அடுத்தது இடம்," என்று சொல்லி அமுக்கினாள்.

மரங்களுக்கு ஒரு முழம் முன்னால் விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. எண்ணெய் தீர்ந்ததும் மணலில் சறுக்கி, மூக்கில் சுற்றுகிற விசிறி ஒடிந்து நின்றது. ஒடிந்த விசிறியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொன்னுதுரை சொன்ன சொல் தவறவில்லை. பெட்டியைத் தூக்கி மாணிக்கவாசகத்திடம் நீட்டினார். பழக்கம், வேறென்ன. அந்தச் சாது மனிதர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பெட்டியைத் தெய்வானையிடம் கொடுத்தார். கல்யாணம் ஆன பதினாலு வருஷத்தில் புருஷன் செய்த பெரிய காரியம் அதுதான் என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொடி மாறி, நாடு சுதந்திரம் வாங்கி, மூன்று மாதம் கழித்து அனுமதிச் சீட்டு வந்தது. பெயருக்கு முன்னால் மிஸ்டர் என்று அச்சடித்திருந்தது. தெய்வானை அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பொன்னுதுரையின் மேசைமேல் வைத்து, அவர் பேனாவாலேயே அந்த வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். சீட்டு வரும்வரை பறக்கவிடாமல்தானே இருந்தீர் என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பறந்துச்சு ஐயா," என்றாள் தெய்வானை. "அதையும் எழுதிக்குங்க. என் பேருல."