பெரியவளின் முதல் ஷிஃப்ட்

அந்த வீட்டின் மூத்த மகளுக்கு, எல்லோரும் கூப்பிடுகிறபடி சொன்னால் பெரியவளுக்கு, இடது வலது தெரியாது என்றால் அது பாதிதான் உண்மை. தெரியும், கேட்டவுடன் வராது, அவ்வளவுதான். சின்ன வயதில் அம்மா, "சோத்துக்கைப் பக்கம் திரும்புடி" என்பாள். இவள் கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. "வண்டி ஓட்டுறவன் வீட்ல இப்படியும் ஒண்ணு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் விமானப்படையில் சேர்ந்து, வான்காப்புக் கட்டுப்பாட்டு அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானபோது அதே அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார். "பைலட்டுக்கே எம் பொண்ணுதான் வழி சொல்லணும். இவ வாயத் தொறக்கலன்னா அவன் அங்கயே சுத்திக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்." எதைச் சொன்னாலும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிற மனிதர். இந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய சரியாகவே சொல்லிவிட்டார்.

வானத்தைக் காவல் காக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதே இல்லை. ஜன்னல் இல்லாத அறை, பல் கிட்டும் குளிர், தலையில் ஹெட்ஃபோன், எதிரே ரேடார் திரை. திரையில் நகரும் புள்ளிகளில் எது நம்முடையது, எது அந்நியம் என்று பிரித்தறிய வேண்டும். நம் போர் விமானியிடம் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்று சொல்லிச் சொல்லி அந்நியத்தின் அருகே கொண்டுபோக வேண்டும். மேகத்துக்குள் புகுந்துவிட்டால் விமானிக்குக் கண் கிடையாது. அப்போது கண்ணும் இவள்தான், மூளையில் பாதியும் இவள்தான்.

அந்தத் திரையில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும். தெற்கே வரும் விமானம் திரையில் கீழ்நோக்கி இறங்கும். அதற்குள் உட்கார்ந்திருப்பவரின் இடது, திரையைப் பார்ப்பவளுக்கு வலது. புதிதாக வரும் எல்லோரும் இதில் சறுக்குவார்கள், போகப்போகச் சரியாகிவிடும். பெரியவள் நாற்காலியோடு திரும்பி, தன்னையே அந்த விமானத்துக்குள் உட்காரவைத்து யோசித்துப் பழகினாள். கழுத்து வலி போனபாடில்லை. ஆனால் பழகிவிட்டாள், அல்லது அப்படித்தான் நினைத்தாள்.

பயிற்சி கொடுத்தவர் அவளைவிடச் சில வயதே மூத்தவர். எந்நேரமும் தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டிருப்பதால் அவர் பெயரே மாத்திரை சார் ஆகிவிட்டது. அவர் கையில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பயிற்சி பெறுகிறவரின் குரல் அறுந்து அவர் குரல் வானத்துக்குப் போகும். தேர்வின்போது அவர் அழுத்தினால் தோல்வி. முதல் தேர்வில் அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினால் பெரியவள் கிடங்கில் கம்பளி எண்ணப் போக வேண்டும். அந்த எண்ணமே அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவிடவில்லை. இந்த வேலையின்மீது அவளுக்கு அப்படியொரு ஆசை.

இரண்டாவது தேர்வில் மேலே இரண்டு நிஜ விமானங்கள். மூத்த விமானி எதிரியாக நடித்தார். இளையவர் துரத்த வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று மூத்தவர் மேகத்துக்குள்ளிருந்து, சொல்லியிருந்த உயரத்தைத் தாண்டி, இளையவரின் பாதைக்கே ஏறி வந்தார். இளையவர் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரை வலப்பக்கம் விலக்க வேண்டும்.

"உடனே லெஃப்ட்ல திரும்புங்க," என்றாள் பெரியவள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. மாத்திரை சாரின் விரல் பொத்தான்மேல் இருப்பதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவர் அழுத்தவில்லை. "ரைட்! ரைட்!" என்று கத்தினாள். விமானம் போன வேகத்துக்கு அந்தத் திருத்தம் ஈடுகொடுக்கவில்லை. திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயின.

இளையவர் பாராசூட்டில் இறங்கினார். முதுகெலும்பில் அடி, ஆனால் உயிர் தப்பியது. மூத்தவர் தப்பவில்லை.

விசாரணைக் குழு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டது. ஏன் அழுத்தவில்லை என்று மாத்திரை சாரைக் கேட்டார்கள். "தானே திருத்திக்குவாங்கன்னு நெனச்சேன்," என்றார். அழுத்தினால் அவள் போச்சு என்று நினைத்ததை அவர் சொல்லவில்லை. மூத்த விமானி உயர எல்லையை மீறினார், பயிற்றுநர் கடமை தவறினார் என்று தீர்ப்பு வந்தது. பெரியவளைப் பற்றி ஒரு வரி இல்லை. பயிற்சிக் காலத்தில் நடக்கும் தவறு பயிற்றுநருடையது என்பது விதி.

மாத்திரை சார் தன் அறையைக் காலி செய்த அன்று அவள் போய் நின்றாள்.

"சார், தப்பு என்னோடதுதானே? நான் போய்ச் சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லுவீங்க? விதிப்படி அன்னிக்கு உங்களுக்கு வாயே இல்ல. நீங்க பேசுனதெல்லாம் நான் பேசுனது."

"அப்ப எனக்கு எதுக்கு சார் மைக்கு?"

அவர் கயிற்றை எடுத்தார். பெட்டியைக் கட்டுவதிலேயே குறியாக இருந்தார். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். அதைத் தவிர அவளால் அவருக்கு வேறெதுவும் செய்ய முடியவில்லை.

இத்தோடு விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைப்பீர்கள். அப்பாகூட, "வந்துடும்மா, வேற வேல பாத்துக்கலாம்" என்றுதான் போனில் சொன்னார். அவள் போகவில்லை. கிடங்குக்கும் போகவில்லை. அந்தத் தேர்வைக் கணக்கில் எடுக்காமல் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார்கள், மறுக்கத் தோன்றவில்லை. ஆசைக்கு வெட்கம் கிடையாது. இறந்தவரின் மனைவியை நினைத்து அழுதாள், அழுதுவிட்டுப் படித்தாள். ஒரு வருடம் கழித்துத் தேர்ச்சி பெற்றாள். தோளில் பட்டை குத்தியபோது அவளுக்கு அது சுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் குத்தவேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்தில் யாரும் உட்காராத முதல் ஷிஃப்ட். வெளியே நல்ல மேகமூட்டம் என்றார்கள். வழக்கமான ரோந்துக்குக் கிளம்பிய விமானம் தன் எண்ணைச் சொன்னது. குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அன்று பாராசூட்டில் இறங்கிய இளையவர். முதுகு தேறி அவர் மறுபடி பறக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். இன்றைக்கு, தன் ஷிஃப்டில் என்று எதிர்பார்க்கவில்லை.

உயரம் சொன்னாள். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. குரல்தான் முகம், அந்த முகத்தை அவரும் அடையாளம் கண்டுகொண்டார்.

"லெஃப்ட்ல திரும்புங்க," என்றாள்.

திருப்பிச் சொல்லாமல் அவர் கேள்வி கேட்டார். அறையில் இருந்த மேலதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு லெஃப்ட்டா, உங்களுக்கு லெஃப்ட்டா?"

குத்திக்காட்டும் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அது பயந்த குரல். தன்னைவிடத் தைரியசாலி என்று அவள் நினைத்திருந்த ஒரு மனிதர், மேகத்துக்குள் தனியாக, உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டார்.

"உங்களுக்கு," என்றாள்.

திரும்பினார். அடுத்த திருப்பத்திலும் கேட்டார். தரையிறங்கும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார். மேலதிகாரி மறுபடி குனிந்துகொண்டார். ஒவ்வொரு முறையும் அவள் "உங்களுக்கு" என்றாள், ஒவ்வொரு முறையும் அவர் திரும்பினார். அந்த மேகத்துக்குள் நம்புவதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை.