முதுகில் பதிந்த கை

என் மாமியார் இறந்தபோது நான் எட்டு மாத கர்ப்பிணி. பேத்தியைத் தொட்டுப் பார்க்காமலே போய்விட்டார். மொட்டை மாடியில் பாதியாக வெட்டிய நீல டிரம்மும், அதில் அவர் வளர்த்த செலரியும் என் பொறுப்புக்கு வந்தன.

பார்வைக்குச் செலரி தடித்த கொத்தமல்லி போலத்தான் இருக்கும். கிட்டப் போனால் அந்த எண்ணம் போய்விடும். பச்சையும் உப்பும் கலந்த மருந்து வாசனை. மாமியார் இளவயதில் பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டில் சமையல் செய்தவர். சூப் வைக்கவும் செலரி வளர்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிற்பாடு பிரஷர் வந்தபோது அதுவே அவருக்கு மருந்தானது. காலையில் ஒரு தண்டை ஒடித்து உப்பைத் தொட்டு மெல்லுவார். மூட்டு வலிக்கு விதையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடவில்லை. ஆனால் பிரஷர் இறங்கினால் நல்ல பெயர் செலரிக்குத்தான்.

எனக்கும் ஒரு தண்டு நீட்டுவார். கர்ப்பிணி சாப்பிடலாமா என்று போனில் தேடுவேன். ஒரு இடத்தில் தண்டு நல்லது என்று இருக்கும், இன்னொரு இடத்தில் விதை ஆகாது என்று இருக்கும். தண்டு எங்கே முடிகிறது, விதையின் குணம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்துக்கொண்டே கையில் வைத்திருப்பேன். அதற்குள் அது வாடிவிடும்.

குளிருக்குப் பழகிய செடி. மார்கழியில் தழைக்கும், சித்திரையில் சுருண்டுவிடும். நாங்கள் இருக்கும் உப்பளம் பகுதியில் கடல் காற்று வேறு. அவர் போன பிறகு சாக்கை நனைத்து மேலே பந்தல் போலக் கட்டினேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற ஓடினேன். என் கணவர் ஒரு தடவை மட்டும், "அம்மா செடி, பாத்துக்கோ" என்றார். எனக்கு அது போதும். ஒரு இலை மஞ்சளானால்கூட அவரிடம் என்ன சொல்வது என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இலையைக் கசக்கினால்தான் அந்த வாசனை வரும். ஆனால் சில சாயங்காலங்களில், நான் மாடிப்படி ஏறும்போதே அது எதிரே வரும், யாரோ இப்போதுதான் ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு போனதுபோல. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். காற்றில்லாத நாளிலும் வந்தது.

முதல் வருஷப் படையல் சரியான சித்திரை வெயிலில் வந்தது. தவளக்குப்பத்திலிருந்து என் கணவரின் அக்கா முந்தின நாளே வந்துவிட்டார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும் என்றார். வடை, மீன் குழம்பு, கடைசியாக அந்த சூப்.

"மிக்ஸில போடாத. கசக்கும். அம்மா கையாலதான் பிழிவாங்க" என்றார் அண்ணி.

செடியின் பாதித் தண்டுகள் அடியில் அழுகி, இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தன. நல்ல தண்டுகள் போதவில்லை. அழுகிய இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மற்றதை இலையோடு உப்பு போட்டுக் கசக்கிப் பிழிந்தேன். மணிக்கட்டு வரை பச்சைச் சாறு வழிந்தது. அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூக்கினேன். வேர்க்குரு என்பதால் அவளுக்குச் சட்டை போடவில்லை.

படையல் முடிந்ததும் காக்காய்க்கு வைக்க மாடிக்குப் போனோம். அது சாப்பிடாமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. சமைத்தவள் அங்கேயே நிற்க வேண்டும் என்றார் அண்ணி. உச்சி வெயில். குழந்தையைத் தோளில் போட்டு, வெறும் முதுகில் கையை வைத்தபடி நின்றேன்.

"கா... கா..." என்றார் என் கணவர்.

"ஏன்டா தம்பி, கடன்காரனக் கூப்புடுற மாதிரி கூப்புடுற? பெத்தவளக் கூப்புடுற மாதிரி கூப்புடு."

"நீ கூப்புடுக்கா. உன் தொண்டைக்குக் கடலூர் காக்காயே வந்துடும்."

மூன்று பேரும் சிரித்தோம். காக்காய் வரவில்லை. சிரிப்பு அடங்கியும் வரவில்லை. முதுகிலிருந்த கையை எடுத்துக் கண்ணுக்கு மறைப்பாக வைத்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். கடைசியில் ஒன்று வந்தது. வடையைக் கவ்விக்கொண்டு போனது. சூப் ஊற்றிய சோற்றைத் தொடவே இல்லை.

"பாத்தியா" என்றார் அண்ணி. "மருமவ கைப்பக்குவம் அம்மாவுக்கு எறங்கல."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் குழந்தையோடு கீழே இறங்கிவிட்டேன்.

அடுத்த சில நாட்களில் குழந்தையின் முதுகு சிவந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன். பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள். தண்ணீர் பட்டதும் துடித்து அழுதாள். கொப்புளம் வற்றிய பிறகு அந்த இடம் பழுப்பாக மாறியது. ஒரு நாள் குளிப்பாட்டித் துடைக்கும்போதுதான் அதன் உருவம் தெரிந்தது. நான்கு விரல்கள். கீழே உள்ளங்கை.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்; அவர் போனில் அக்காவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார்.

வீடியோவில் பார்த்த அண்ணி அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். குழந்தையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு அழுதார். பயத்தில் இல்லை.

"அம்மா கைடி இது. தொடாம போனவங்க தொட்டுட்டுப் போயிருக்காங்க. குடுத்து வச்சவ நீ."

"டாக்டர்கிட்ட காட்டிடலாம் அண்ணி."

"மருந்து போட்டு அம்மாவ வெரட்டப் போறியா?"

பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் கணவர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது ஆசை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணிக்கு அது ஆசீர்வாதம். எனக்கு ஒரே ஒரு கேள்வி. தொட்டவர் தொட்டதோடு நிற்பாரா? குழந்தை மாடிப்படியைப் பார்த்துச் சிரித்தால் ஓடிப் போய்த் தூக்கிக்கொள்வேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறும். பிறகு இறங்கும் வரை என் மூச்சு நிற்கும். மாமியார் கெட்டவர் இல்லை, பேத்திக்கு ஒன்றும் செய்யமாட்டார் என்று சொல்லிக்கொள்வேன். ஆசை அதிகமானவர்கள்தானே கூட அழைத்துக்கொள்வார்கள் என்று உடனே தோன்றும்.

அண்ணி ஊருக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். "அம்மாவாவே இருக்கட்டும். எம்பொண்ணுக்கு எரியுதுங்க." அவர் எழுந்து பைக் சாவியை எடுத்தார்.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முதுகைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல டாக்டர்."

"சார், உங்க கையக் காட்டுங்க."

என் கணவர் கையை நீட்டினார். பெயின்ட் கறை படிந்த பெரிய கை. தடத்தின் மேல் பிடித்தபோது அது பாதி முதுகை மறைத்தது. அவர் காது சிவந்துவிட்டது.

"நீங்க காட்டுங்கம்மா."

என் மணிக்கட்டில் பழுப்புக் கோடுகள் வழிந்த மாதிரி இருந்தன. எண்ணெய் தெறித்தது என்று நினைத்திருந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து அந்தத் தடத்தின் மேல் வைத்தார். விரலுக்கு விரல் பொருந்தியது.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?"

"இல்ல. செலரி."

"அப்புறம் வெயில்ல நின்னீங்களா, புள்ளையோட?"

செலரிச் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் சுட்டதுபோல ஆகிவிடும் என்றார். அழுகல் நோய் கண்ட செடியில் அந்த வேகம் இன்னும் அதிகமாம். களிம்பு எழுதிக் கொடுத்தார். வெயில் படாமல் வைத்திருந்தால் தடம் மறையும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார். "ஒண்ணும் ஆவாதும்மா. அழுவாதீங்க." அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர் கேட்டார்.

"அப்ப, அம்மா வரலையா?"

"தெரியலங்க" என்றேன். தெரிந்தும் அப்படித்தான் சொல்ல வந்தது.

அன்று சாயங்காலம் அவர் கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் சொல்லவில்லை. செடியை வேரோடு பிடுங்கிக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, டிரம்மைக் கவிழ்த்து வைத்தார். இறங்கி வந்து வெகு நேரம் குழாயடியிலேயே நின்றார்.

அக்காவிடம் போனில் சொன்னதும் அவர்தான். "அவ கையா?" என்று அண்ணி கேட்டது என் காதிலும் விழுந்தது. அதோடு வைத்துவிட்டார்.

மறுபடி அண்ணி வந்தபோது தடம் மங்கத் தொடங்கியிருந்தது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார் செய்தும் வைத்திருந்தேன். அவர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டேன்" என்றார். "கொஞ்ச நேரம் தொட்டுக்கட்டா?"

குழந்தையின் சட்டைப் பித்தானைக் கழற்றி, அவர் மடியில் குப்புறப் படுக்க வைத்தேன்.