வீட்டில் எல்லோருக்கும் எழுபத்தெட்டு

என் அக்கா பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஆகவே எங்கள் வீட்டில் படிப்பு அவள் பங்கு, வாய் என் பங்கு.

பல்ஸ் பார்க்கும் பிராக்டிகலில் அக்கா ஒருமுறை பெயில். மறுதேர்விலும் கோட்டைவிட்டால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். கூட இருந்தவர்கள் எல்லாம் சீனியர் ஆகிவிடுவார்கள்.

"அவளுகள நான் அக்கான்னு கூப்பிடணுமாம்மா?" என்று மூக்கை உறிஞ்சுவாள்.

எனவே தினமும் மாலையில் நாங்கள் மூன்று பேரும் அவளுக்கு நோயாளிகள். கட்டிலில் வரிசையாகப் படுக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தை முறைத்து, நோட்டில் எழுதுவாள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு. எனக்கும் அதே. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்த அன்றும் அப்பாவுக்கு எழுபத்தெட்டுதான்.

"பாத்தியா, நம்ம குடும்பத்துக்கு ஒரே மனசு!" என்று அப்பா நெகிழ்ந்துபோனார்.

மறுதேர்வுக்கு முந்தைய நாள் நான் அவளைக் கொஞ்சம் அலறவிட நினைத்தேன். வீடியோவில் பார்த்த வித்தை. அக்குளில் டென்னிஸ் பந்தை வைத்துக் கையை இறுக்கினால் மணிக்கட்டில் துடிப்பு நின்றுவிடும். நாக்கைத் தொங்கப்போட்டுச் செத்தவள் மாதிரி படுத்தேன். அக்கா வந்து கையைப் பிடித்தாள். அலறவில்லை.

"எழுபத்தெட்டு. வாய மூடு, ஈ போகும்."

"ஏய் லூசு, நான் செத்துட்டேன்டி!" பந்தை எடுத்துக் காட்டினேன். "இந்தக் கையில துடிப்பே கிடையாது. யாரோடத எண்ணின?"

அக்கா தன் கட்டைவிரலையே பார்த்தாள். புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பாடம் நடந்தபோது அவள் காய்ச்சலில் கிடந்தாள். தோழியின் நோட்டில் 'விரலை வைத்து எண்ணவும்' என்று மட்டும்தான் இருந்தது. எந்த விரல் என்று இல்லை. இத்தனை நாளும் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே எண்ணியிருக்கிறாள். போன தேர்வில் எழுபது வர வேண்டிய இடத்தில் நூற்றுப்பத்து வந்ததுகூட நோயாளியின் துடிப்பு அல்ல, இவளுடைய பயம்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, நடு மூன்று விரல்களோடு கிளம்பினாள். இஸ்திரிக்கடைக்காரர், மருந்துக்கடை அண்ணன், கீழ்வீட்டு அத்தை, ஒருவரும் தப்பவில்லை. கூட்டம் சேர்ப்பது என் வேலை. "இலவசம், இலவசம், உசுரு இருக்கான்னு பாத்துக்கங்க!" என்று கத்தினேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா குதித்தாள்.

மறுநாள் மதியம் வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடித்துக் காட்டினாள். வார்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரு லாரி டிரைவர், கால் முறிந்து படுத்திருந்தவர். ஒரு கையைத் தேர்வு நடத்தும் மேடம் பிடிக்க, இன்னொன்றை இவள். மேடம் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிவிட்டு நிமிர்ந்தார். இவள் கையை விடவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?"

"முழு நிமிஷம் எண்ணுறேன் மேடம். எழுபத்தொண்ணு. ஆனா நடுநடுவுல ஒண்ணு தவறுது."

மேடம் மறுபடி பிடித்தார். இந்த முறை முழு நிமிடம். தன் தாளில் இருந்த எண்ணை அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று எழுதினார். "பாஸ். ஓடிப்போய் டாக்டரக் கூட்டிட்டு வா."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா கண்ணைக் கசக்கினாள். "அதுக்குள்ள என்னடி அழுக?" என்றேன், என் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"அந்த டிரைவர் எப்படிம்மா இருக்காரு?" என்று அப்பா கேட்டார்.

"ஈசிஜி எடுத்தாங்கப்பா. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரை போதுமாம். நாளைக்குப் போய் ஒரு தடவை பாத்துட்டு வரேன்."

நாளைக்கு அவளுக்கு விடுமுறை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.